குழந்தைகளுக்குச் சொல்லும் லிங்கன் கதையில் அடிமைகள் எங்கே?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் ஆபிரகாம் லிங்கனைப் பற்றி நாலைந்து விஷயம் சொல்வார்கள். மரக்கட்டை வீட்டில் பிறந்தார். இரவல் வாங்கின புத்தகம் மழையில் நனைந்துபோக, அதற்கு ஈடாக மூன்று நாள் வயலில் உழைத்தார். தோல்வி மேல் தோல்வி அடைந்து கடைசியில் ஜனாதிபதி ஆனார். மகனுடைய ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்தாவதாக வாட்ஸப்பில் வருஷா வருஷம் சுற்றிவரும் செருப்புக் கதை: செனட்டில் ஒரு பணக்காரர் "உங்க அப்பா எங்க வீட்டுக்குச் செருப்பு தைத்தவர்"னு கிண்டல் பண்ணினாராம், லிங்கன் பதிலுக்கு அப்பாவின் தொழிலைப் பெருமையாகப் பேசினாராம்.

இந்த ஐந்தில் அடிமைமுறை எங்கே வருகிறது? எங்கேயும் வரவில்லை. "அடிமைகளை விடுவித்தார்" என்று கடைசியில் ஒரு வரி, பயோடேட்டாவில் பட்டம் போடுகிற மாதிரி. அவ்வளவுதான்.

கொஞ்ச நாளாக லிங்கனைப் பற்றிக் குழந்தைகளுக்கு எழுதப்பட்ட புத்தகங்களைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தொழில்முறை வரலாற்றாசிரியன் கிடையாது நான், ராத்திரி பத்து மணிக்கு மேல் படிக்கிற ஆள். ஆனாலும் இந்தக் கதைகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதில் எனக்கு ஒரு ஆர்வம் உண்டு. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் நம்மூர்ச் சரக்கை முடித்துவிடலாம். ஆசிரியருக்கு எழுதிய கடிதம் பல பள்ளிகளில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது, ஆசிரியர் தின விழாவில் வாசிக்கிறார்கள். லிங்கன் எழுதியவற்றை எல்லாம் திரட்டி ராய் பேஸ்லர் பதிப்பித்த பெருந்தொகுப்பு 1953-ல் வெளிவந்தது. அதில் இந்தக் கடிதம் இல்லை. கடிதத்தின் நடையும் அவருடையது அல்ல. மூத்த மகன் ராபர்ட், அப்பா ஜனாதிபதியானபோது ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தான். எட்வர்ட் நாலு வயது முடிவதற்குள் இறந்துபோனான். வில்லி 1862 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையிலேயே காய்ச்சலில் இறந்தான், பதினோரு வயது. மிச்சம் இருந்தது கடைக்குட்டி டாட். வீட்டுக்கு வந்த வாத்தியார்களை எல்லாம் ஓட ஓட விரட்டின பிள்ளை அவன், லிங்கனும் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

செருப்புக் கதை இன்னும் மோசம். அப்பா தாமஸ் லிங்கன் தச்சர், விவசாயி. செருப்புக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. லிங்கன் பதவியேற்புரை ஆற்றியது செனட் அவைக்குள் அல்ல, 1861 மார்ச் 4 அன்று கேப்பிடல் கட்டடத்துக்கு வெளியே, திறந்தவெளியில். அப்பா மகன் உறவும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. 1851-ல் தாமஸ் சாகக் கிடக்கிறார் என்று தகவல் வந்தும் லிங்கன் போகவில்லை. இறுதிச் சடங்குக்கும் போகவில்லை. தந்தைப் பாசத்துக்கு உதாரணமாக நாம் தேடிப் பிடித்த ஆளைப் பாருங்கள்!

தோல்விப் பட்டியல் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் சொத்து. 1834-லிருந்து தொடர்ந்து நாலு தடவை இல்லினாய் சட்டமன்றத்துக்கு ஜெயித்ததையும், 1846-ல் காங்கிரஸுக்கு ஜெயித்ததையும், 1850-களில் ரயில்வே கம்பெனிகளுக்கே வாதாடுகிற அளவுக்குப் பெரிய வக்கீல் ஆனதையும் அந்தப் பட்டியல் சௌகரியமாக விட்டுவிடும். பாஸான டெஸ்ட் கேஸை எல்லாம் அழித்துவிட்டு ஃபெயிலானதை மட்டும் ரிப்போர்ட்டில் காட்டுகிற மாதிரி.

பொய் கலந்திருக்கிறது என்பது என் முக்கியமான குறை இல்லை. குழந்தைக் கதைகளில் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். இத்தனையும் லிங்கனின் குணத்தைப் பற்றிய கதைகளாக மட்டும் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நேர்மை, உழைப்பு, விடாமுயற்சி, பணிவு. இந்தக் குணங்களை எல்லாம் கூட்டினால் விடையாக அடிமை விடுதலை வந்துவிடும் என்பதுபோல ஒரு கணக்கு. நல்லவர், அதனால் விடுவித்தார்.

அஞ்சாவது படிக்கிற என் மகள் இந்தக் கணக்கை ஒரே கேள்வியில் உடைத்தாள். பேச்சுப்போட்டிக்குப் பள்ளியில் கொடுத்த தாளை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "அப்பா, அவரு நல்லவரு, அவருதான் ப்ரெசிடென்ட், அப்புறம் ஏன் மொத நாளே விடுதலை பண்ணல?" என்றாள்.

இதைவிட நல்ல கேள்வியை நான் பெரியவர்களுக்கு எழுதப்பட்ட புத்தகங்களில்கூட அதிகம் பார்த்ததில்லை. அவள் கையில் இருந்த தாளில் இதற்குப் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டுமானால் குணத்தை விட்டுவிட்டுச் சட்டத்துக்கும் போருக்கும் அடிமைகளுக்கும் போக வேண்டும்.

சட்டம் என்ன சொன்னது? அடிமைமுறை அந்தந்த மாநிலத்தின் விவகாரம், ஜனாதிபதிக்கு அதில் கைவைக்க அதிகாரம் கிடையாது. லிங்கனே தன் பதவியேற்பு உரையில், அடிமைமுறை இருக்கிற மாநிலங்களில் அதைத் தொடும் எண்ணமும் எனக்கில்லை, உரிமையும் இல்லை என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். எங்கள் பாஷையில் சொன்னால் அவரிடம் அட்மின் ரைட்ஸ் இல்லை. அப்போது அமெரிக்காவில் அடிமையாக இருந்தவர்கள் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர். புதிதாகச் சேரும் பிரதேசங்களுக்கு அது பரவக்கூடாது என்பதுதான் அவர் கட்சியின் நிலைப்பாடு. தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோக அதுவே போதுமானதாக இருந்தது. 1861 ஏப்ரலில் போர் தொடங்கியது.

அடுத்த மாதம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1861 மே 23 இரவு. வர்ஜினியாவில் மூன்று பேர் ஒரு படகை எடுத்துக்கொண்டு தண்ணீரைக் கடந்து ஃபோர்ட் மன்ரோ என்கிற கோட்டைக்கு வருகிறார்கள். கோட்டை வடக்கு ராணுவத்தின் கையில் இருக்கிறது. அவர்கள் பெயர் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். மூவரும் அடிமைகள். எதிர்க்கரையில் தெற்கு ராணுவத்துக்காகப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை இறக்கியிருந்தார்கள். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் அடிப்படையில் ஒரு வக்கீல். மறுநாள் முதலாளியின் ஆள் வெள்ளைக்கொடியோடு வந்து, ஓடிப்போன அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்கிற அமெரிக்கச் சட்டத்தைக் காட்டிக் கேட்கிறார். "நீங்கதான் தனி நாடுன்னு சொல்லிட்டீங்களே, அப்புறம் எங்க சட்டம் உங்களுக்கு எதுக்கு?" என்ற ரீதியில் பட்லர் மறுத்துவிடுகிறார். எதிரி இவர்களைப் போருக்குப் பயன்படுத்துவதால் இவர்கள் கைப்பற்றப்பட்ட போர்ச்சாமான் என்று ஒரு வாதத்தையும் கண்டுபிடிக்கிறார்.

மனிதனைச் சாமான் என்று சொல்லித்தான் காப்பாற்ற முடிந்தது. இந்த அசிங்கத்தையும் சேர்த்துத்தான் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதுக் குழந்தைக்கு இது நன்றாகவே புரியும். பெரியவர்கள் சட்டத்தை வளைப்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

செய்தி பரவியது. சில நாட்களிலேயே குடும்பம் குடும்பமாக ஆட்கள் கோட்டைக்கு வரத் தொடங்கினார்கள். ஆகஸ்டில் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, எதிரி போருக்குப் பயன்படுத்தும் அடிமைகள் மீது முதலாளிக்கு இனி உரிமை இல்லை என்றது. கவனியுங்கள், வெள்ளை மாளிகையில் யாரும் உத்தரவு போடவில்லை. படகில் ஏறினவர்கள் மூன்று பேர், அவர்களுக்குப் பின்னால் சட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தது.

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். விடுபட்டார்கள் என்றால் தன்வினை. விடுவித்தார் என்றால் பிறவினை. நம் பாடங்களில் லிங்கன் எப்போதும் பிறவினையில் வருகிறார், அடிமைகளுக்கோ வினையே கிடையாது, இரண்டாம் வேற்றுமை உருபோடு சும்மா நிற்கிறார்கள். படகு எழுதின வரலாற்றை இந்த வாக்கியத்துக்குள் அடைக்க முடியாது.

இதே சிக்கல் கல்லிலும் வெண்கலத்திலும் இருக்கிறது. வாஷிங்டன் லிங்கன் பூங்காவில் 1876-ல் தாமஸ் பால் வடித்த சிலை ஒன்று திறக்கப்பட்டது. லிங்கன் நிற்கிறார், கையை நீட்டியிருக்கிறார். காலடியில் ஒரு கறுப்பின மனிதர், அறுந்த சங்கிலியோடு, பாதி மண்டியிட்டபடி. சிலைக்குப் பணம் கொடுத்தது விடுதலையான கறுப்பின மக்கள். ஷார்லட் ஸ்காட் என்ற பெண் முதல் 5 டாலரைக் கொடுத்துத் தொடங்கிவைத்தார். வடிவத்தைத் தீர்மானித்ததில் அவர்களுக்குப் பங்கில்லை. திறப்பு விழாவில் பேசியவர் ஃபிரெடரிக் டக்ளஸ், தானே அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். ஜனாதிபதி கிராண்ட் முன்னால் உட்கார்ந்திருக்க, லிங்கன் முதன்மையாக வெள்ளையர்களின் ஜனாதிபதி, நாங்கள் அதிகபட்சம் அவருடைய மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் என்ற பொருளில் பேசினார். அதே பேச்சில், ஒழிப்புப் போராளிகளின் இடத்திலிருந்து பார்த்தால் லிங்கன் மந்தமானவர், நாட்டு மக்களின் மனநிலையை வைத்துப் பார்த்தால் வேகமானவர், உறுதியானவர் என்றும் சொன்னார். புகழ் மாலையில் இவ்வளவு நேர்மையான நார் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சரி, புத்தகங்களுக்கு வருவோம்.

இங்ரி, எட்கர் டோலேர் தம்பதியின் 'ஆபிரகாம் லிங்கன்' 1939-ல் வந்தது, 1940-ல் கால்டெகாட் விருது வாங்கியது. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள், லிங்கன் வாழ்ந்த ஊர்களில் சுற்றித் திரிந்து, கல் அச்சில் படம் வரைந்து செய்த புத்தகம். படங்கள் இன்றைக்கும் கண்ணை இழுக்கின்றன. ஆனால் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டதே அதில் வராது. போர் முடிந்ததோடு கதையும் முடிந்துவிடும். குழந்தை பயப்படும் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு இது வெறும் கருணையாகத் தெரியவில்லை. கொலையை எடுத்துவிட்டால், அடிமை விடுதலையை எதிர்த்தவர்கள் எவ்வளவு தூரம் போகத் தயாராக இருந்தார்கள் என்பதும் சேர்ந்து போய்விடும். 1865 ஏப்ரல் 11 அன்று லிங்கன் பேசிய கடைசிப் பொதுப்பேச்சில், படித்த கறுப்பின ஆண்களுக்கும் போர்வீரர்களாக இருந்தவர்களுக்கும் ஓட்டுரிமை தரலாம் என்றார். கூட்டத்தில் நின்று அதைக் கேட்டவர்களில் ஜான் வில்க்ஸ் பூத்தும் ஒருவன். மூன்று நாள் கழித்துச் சுட்டான். காரணம் இல்லாமல் விழுந்த இடி இல்லை அது.

ரஸ்ஸல் ஃப்ரீட்மனின் 'லிங்கன்: எ ஃபோட்டோபயோகிராஃபி' 1987-ல் வந்தது, மறு வருஷம் நியூபரி பதக்கம். கதைப் புத்தகங்களே வாங்கிக்கொண்டிருந்த விருதை ஒரு கட்டுரை நூல் வாங்கியது அபூர்வம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். போரின் முதல் நோக்கம் அடிமை விடுதலை அல்ல, ஒன்றியத்தைக் காப்பாற்றுவதுதான் என்பதை ஃப்ரீட்மன் மழுப்பாமல் எழுதுகிறார். நாலே வருஷத்தில் அந்த முகம் எப்படிக் கிழமாகிறது என்பதைப் புகைப்படங்களை வைத்தே காட்டிவிடுகிறார். என் குறை ஒன்றுதான்: புகைப்படம் என்பதே லிங்கனுக்கு நிறைய இருந்தது, பேக்கருக்கும் டவுன்சென்டுக்கும் அப்படி இல்லை. படத்தை முதுகெலும்பாக வைத்த புத்தகம் அதனாலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

மூன்றாவது, என்னை ஆச்சரியப்படுத்தின புத்தகம். டெபரா ஹாப்கின்சன் எழுதி ஜான் ஹென்ட்ரிக்ஸ் வரைந்த 'ஏப் லிங்கன் கிராஸஸ் எ க்ரீக்', 2008. கென்டக்கியில் நாப் க்ரீக் ஓடையை மரக்கட்டை மேல் நடந்து கடக்கும்போது ஏழு வயது ஏப் தண்ணீரில் விழுந்துவிடுகிறான். ஆஸ்டின் கொலாஹர் என்ற நண்பன் காப்பாற்றுகிறான். இதுதான் கதை. ஆனால் கதைசொல்லி நடுநடுவே நிறுத்தி, "இப்படித்தான் நடந்ததா? நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார். ஓவியரின் கையும் பென்சிலும் பக்கத்துக்குள் வருகின்றன, காட்சியைத் திருத்தி வரைகின்றன. வரலாறு என்பது யாரோ உட்கார்ந்து எழுதுவது, திருத்துவது என்று ஆறு வயதுக் குழந்தைக்கு இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. கடைசியில் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் பெயர் லிங்கன் அல்ல, ஆஸ்டின். அவன் கழியை நீட்டியிருக்காவிட்டால் லிங்கனே இல்லை.

அடிமைமுறை பற்றி இந்தப் புத்தகம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பெரிய ஆளுக்குப் பின்னால் பெயர் தெரியாத இன்னொரு ஆளைத் தேடும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஏற்படுத்திவிடுகிறது. அந்தப் பழக்கம் வந்த பிள்ளையிடம் ஃபோர்ட் மன்ரோ படகைப் பற்றிச் சொல்வது சுலபம்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு கோஷ்டி உண்டு. லிங்கன் ஒரு ஏமாற்றுக்காரர், இனவெறியர், அவ்வளவுதான் என்று முடிப்பவர்கள். ஆதாரம் இல்லாமல் பேசுவதில்லை அவர்கள். 1862 ஆகஸ்ட் 14 அன்று ஐந்து கறுப்பின பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு, நீங்கள் நாட்டை விட்டு வேறெங்காவது குடியேறிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது என்று பேசினார். எட்டு நாள் கழித்து ஹொரேஸ் கிரீலிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அதைச் செய்வேன் என்றார். இரண்டும் உண்மை. ஆனால் இவை நடந்தபோது விடுதலைப் பிரகடனத்தின் வரைவு அவர் மேஜையில் தயாராக இருந்தது, ஜூலை 22 அன்றே அமைச்சரவையில் வாசித்துவிட்டார், ஒரு போர் வெற்றிக்காகக் காத்திருந்தார் என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் முடியும். முடியாது என்று நினைப்பது நாம்தான்.

1863 ஜனவரி 1 பிரகடனத்தை ஒரு வரைபடத்தோடு சொல்லித்தந்தால் பாதி குழப்பம் தீரும். கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி, மிசூரி, மேரிலாந்து, டெலவேர் மாநிலங்களுக்குப் பொருந்தாது. லிங்கன் பிறந்த அந்தப் பிரசித்தமான மரக்கட்டை வீடு இருந்தது கென்டக்கியில்! அங்கே அடிமைமுறை 1865 டிசம்பரில் 13-வது திருத்தம் அமலுக்கு வரும் வரை சட்டப்படி நீடித்தது. லிங்கன் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தத் திருத்தத்துக்குக் கென்டக்கி ஒப்புதல் கொடுத்தது எப்போது தெரியுமா, 1976-ல். பிரகடனத்தில் இன்னொரு முக்கியமான வரி, கறுப்பின ஆண்களை ராணுவத்தில் சேர்க்கலாம் என்பது. சுமார் 1,80,000 பேர் சேர்ந்தார்கள். பிரகடனம் காகிதத்தில் இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களில் இவர்கள் இருந்தார்கள்.

குழந்தைகளுக்கு லிங்கனைப் பற்றி எப்படிச் சொல்வது என்பதற்கு லிங்கனே ஒரு மாதிரி விட்டுப்போயிருக்கிறார். 1864-ல் மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊரிலிருந்து ஒரு மனு வந்தது. 195 சிறுவர் சிறுமியர் கையெழுத்துப் போட்டு, நாட்டிலுள்ள அடிமைக் குழந்தைகளை எல்லாம் விடுவிக்கும்படி கேட்டிருந்தார்கள். அனுப்பிவைத்தவர் கல்வியாளர் ஹொரேஸ் மேனின் மனைவி மேரி மேன். ஏப்ரல் 5 அன்று லிங்கன் பதில் எழுதினார். அந்தச் சின்ன இதயங்களில் இவ்வளவு நியாயமான பரிவு இருப்பது சந்தோஷம் என்கிறார். கேட்பதை எல்லாம் தரும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்கிறார். அதிகாரம் இருப்பது கடவுளிடம், அவர் அதைச் செய்ய விரும்புவதாகவே தெரிகிறது என்று முடிக்கிறார்.

இதற்கு முந்தின நாள், ஏப்ரல் 4, கென்டக்கிப் பத்திரிகையாளர் ஆல்பர்ட் ஹாட்ஜஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். அடிமைமுறை தவறில்லை என்றால் உலகத்தில் எதுவுமே தவறில்லை என்றும், நிகழ்ச்சிகளை நான் நடத்தவில்லை, அவைதான் என்னை நடத்தின என்றும் அதில் ஒப்புக்கொள்கிறார். அடுத்தடுத்த நாள் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியவருக்குச் சொன்னதைத்தான் குழந்தைகளுக்கும் சொல்லியிருக்கிறார், வார்த்தைகளைக் குறைத்து. என்னால் எல்லாம் முடியாது என்று பிள்ளைகளிடம் எழுதிக் கொடுத்த இந்த ஜனாதிபதியை நம் பாடத்தாள்களில் காணோம்.

2008-ல் அந்தக் கடிதம் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போனது. ஆசிரியருக்கு எழுதாத கடிதத்துக்குப் பதில் இதைச் சட்டம் போட்டு மாட்டினால் செலவு அதேதான்.

கடைசியாக அந்தச் சிலை. பாஸ்டனில் இருந்த அதன் நகலை 2020 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். வாஷிங்டனில் மூலச்சிலை அப்படியே இருக்கிறது. அதே பூங்காவில் 1974-ல் மேரி மெக்லியட் பெத்யூனுக்குச் சிலை வைத்தார்கள். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, கறுப்பினப் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியவர். அவர் எதிரில் இரண்டு குழந்தைகள், இரண்டும் நிமிர்ந்து நிற்கின்றன. பெத்யூன் சிலையைப் பார்க்கிற மாதிரி லிங்கன் சிலையை அந்த வருஷம் திருப்பி வைத்தார்கள்.